நாளுக்குப் பதினைந்து சொல்

(திருநெல்வேலியில் நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அன்றாடச் சிறு முயற்சியால் இலக்கை அடைவது" என்று தலைப்புக் கொடுத்தார்கள். இந்தத் தலைப்பில் சொல்ல வேண்டியதை நாலாம் வகுப்பு வாத்தியாரே சொல்லி முடித்துவிட்டார். எறும்பு ஊரக் கல்லும் தேயும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். சிறு துளி பெரு வெள்ளம். இதையெல்லாம் மறுத்தவர் யாரும் இல்லை. மறுக்காமலேதான், ஜனவரியில் ஆசையாக வாங்கின டைரியில் பிப்ரவரியில் பால் கணக்கு எழுதுகிறோம். ஆகவே பழமொழிக்கு உரை சொல்ல நான் வரவில்லை. உண்மையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக நடந்து முடிந்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அது எப்படி முடிந்தது, எங்கே முடியாமல் கிடந்தது, யார் கைக்குப் போனபிறகு நகர்ந்தது என்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நான் எடுத்துக்கொண்டிருக்கும் வேலை, அகராதி.

பெரிய நூலகங்களில் வெளியே இரவல் தராத புத்தகங்கள் இருக்கும் பகுதியில், பெரும்பாலும் கீழ்த்தட்டில், தடித்தடியாக ஒரு வரிசை இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன். ஆறு தொகுதி, மேற்கொண்டு ஒரு பின்னிணைப்புத் தொகுதி. படித்தவர்கள் குறைவு, தூக்கி மேசைமேல் வைத்தவர்களுக்கு அதன் எடை தெரியும். ஆறு தொகுதிகளிலும் சேர்ந்து 1,04,405 சொற்கள். 1939-இல் வந்த பின்னிணைப்பில் இன்னும் 13,357. அதற்கு முன்பு நம்மிடம் இருந்த பெரிய அகராதி, 1862-இல் வந்த வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதி. அதில் இருந்தவை 67,452 சொற்கள். அதற்கும் முன்னால் 1842-இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அச்சான அகராதி. ஒன்றின் தோளில் ஒன்றாக ஏறி நின்றவை இவை.

லெக்சிகன் வேலை 1913-இல் மதுரையில் தொடங்கியது. பொறுப்பாசிரியர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜே. எஸ். சாண்ட்லர். அலுவலகம் பிறகு சென்னைக்கு மாறியது. ஐந்தே ஆண்டில் முடித்துவிடலாம், ஒரு லட்சம் ரூபாய் ஆகும் என்பது திட்டம். அரசாங்கத் திட்டம் ஒன்று சொன்ன தேதியில் முடியவில்லை என்றால் நமக்கு ஆச்சரியம் வராது. ஆனாலும் இதைக் கேளுங்கள். ஐந்து ஆண்டு முடிந்தபோது ஒரு பக்கம்கூட வெளியே வரவில்லை. முதல் பகுதி வெளிவந்தது 1924-இல். ஆறாம் தொகுதி முடிந்தது 1936-இல். செலவு நாலு லட்சத்துப் பத்தாயிரம். ஐந்து ஆண்டு வேலைக்கு இருபத்து மூன்று ஆண்டு.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு லட்சத்து நாலாயிரத்துச் சொச்சம் சொல்லை இருபத்து மூன்றால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 4,540. ஆண்டுக்கு முந்நூறு வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் நாளுக்குப் பதினைந்து சொல். ஓர் அலுவலகம், அதில் ஆசிரியர், பண்டிதர்கள், உதவியாளர்கள், எல்லாரும் சேர்ந்து நாளுக்குப் பதினைந்து சொல்! வெளியே நின்று பார்த்தவன், "என்னய்யா வேலை பார்க்கிறார்கள்?" என்று கேட்டிருப்பான். கேட்டும் இருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் அந்தக் கேள்வி வராது. சொல்லைத் தமிழில் எழுதி, அதை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, என்ன வகைச் சொல் என்று குறித்து, ஆங்கிலத்தில் பொருள், தமிழில் பொருள், எந்த இலக்கியத்தில் எந்தப் பாட்டில் அந்தப் பொருளில் வந்திருக்கிறது என்ற சான்று, பேச்சு வழக்கென்றால் எந்த ஊர்ப் பேச்சு என்ற குறி. நாஞ்சில் நாட்டுக்கு ஒரு குறி, யாழ்ப்பாணத்துக்கு ஒரு குறி, நம் திருநெல்வேலிக்கும் ஒரு குறி. ஒரு சொல்லுக்கு எட்டுப் பொருள் இருந்தால் எட்டுக்கும் தனித்தனிச் சான்று. சான்று கிடைக்காமல் அரைநாள் போகும். கிடைத்த சான்றில் பாடம் தவறு என்று தெரிந்து மறுநாளும் போகும்.

சராசரிக் கணக்கை முழுக்க நம்பவும் கூடாது. முதல் பதினோரு ஆண்டும் சேகரிப்பு. அச்சு முழுவதும் அடுத்த பன்னிரண்டு ஆண்டுக்குள். நாள்தோறும் ஒரே சீராக யாரும் வேலை செய்யவில்லை. சொல்லப்போனால் எந்தப் பெரிய வேலையும் ஒரே சீராக நடப்பதில்லை. இதைப் பிறகு பார்ப்போம்.

காலக் கணக்குத் தப்பியது நம் ஊர் அலுவலகத்துக்கு மட்டும் நேர்ந்த கதியில்லை. ஆங்கிலத்தில் டாக்டர் ஜான்சன் தன் அகராதியை மூன்று ஆண்டில் முடிப்பேன் என்றார். ஒன்பது ஆண்டு ஆனது. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள், தேவதைக் கதை சேகரித்த அதே கிரிம் சகோதரர்கள்தான், 1838-இல் ஜெர்மன் அகராதி தொடங்கினார்கள். மூத்தவர் யாக்கோப் 1863-இல் எஃப் எழுத்தில் இருக்கும்போது இறந்துபோனார். அகராதி முடிந்தது 1961-இல். இடையில் இரண்டு உலகப் போர் வந்துபோயிற்று.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் தலைப்புக்குத் தேவையான எல்லாம் அதில் இருக்கிறது, தோற்ற கதை உட்பட.

லண்டன் மொழியியல் கழகத்தார் 1857-இல் இப்படியோர் அகராதி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். முதல் ஆசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், கவிஞர் கோல்ரிட்ஜின் பேரன். அவர் 54 அறைகள் கொண்ட ஒரு மரச்சட்டம் செய்து வைத்தார். சொற்சீட்டுகளை எழுத்துவாரியாகப் போட்டு வைக்க அது போதும் என்று நினைத்தார். 1861-இல், முப்பது வயதில், காசநோயில் போய்விட்டார். அடுத்து வந்தவர் ஃபர்னிவால். அபாரமான மனிதர். எதையும் தொடங்குவதில் மன்னன். பழைய ஆங்கில நூல்களை அச்சிட ஒரு கழகம், சாசருக்கு ஒரு கழகம், ஷேக்ஸ்பியருக்கு ஒரு கழகம் என்று கழகமாகத் தொடங்கிக்கொண்டே போனார். அகராதிக்கு நூற்றுக்கணக்கான வாசகர்களைச் சேர்த்தார். அவர்கள் புத்தகம் படித்து, சொல் வந்த வாக்கியத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பினார்கள். இருபது ஆண்டு இப்படி ஓடியது. ஒரு பக்கம் அச்சாகவில்லை.

1879-இல் ஜேம்ஸ் மர்ரே என்ற பள்ளிக்கூட ஆசிரியர் பொறுப்பை ஏற்றபோது, ஃபர்னிவால் வீட்டிலிருந்து இரண்டு டன் சீட்டு வந்து இறங்கியது. ஒரு சாக்கில் செத்த எலி. இன்னொன்றில் உயிருள்ள சுண்டெலி, குட்டிகளோடு. சில எழுத்துகளின் சீட்டுகளையே காணோம். ஹெச் எழுத்துச் சீட்டுகள் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் இருந்து கண்டெடுக்கப்பட்டன. பி (P) எழுத்தின் ஒரு பகுதி அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் கிடந்தது. அதில் பெரும்பங்கை அடுப்பு மூட்டப் பயன்படுத்தி முடித்திருந்தார்கள்.

கவனியுங்கள். அந்த இருபது ஆண்டிலும் அன்றாடம் உழைப்பு நடந்திருக்கிறது. யாரோ ஒருவர் ஏதோ ஓர் ஊரில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதத்தான் செய்தார். அந்தச் சீட்டுதான் லாயத்து அடுப்பில் எரிந்தது. தினமும் செய்தால் போதும் என்று நமக்குச் சொல்கிறவர்கள் சொல்லாமல் விடுவது இந்த இடத்தைத்தான். செய்ததைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் வேண்டும், வைத்தது மறுநாள் கைக்குக் கிடைக்க வேண்டும். ஃபர்னிவாலை நான் குறைசொல்லவில்லை. அவர் கழகம் அச்சிட்ட பழைய நூல்கள் இல்லாவிட்டால் மர்ரேக்குச் சான்றே கிடைத்திருக்காது. ஆனால் தொடங்குகிற கை வேறு, அடுக்கி வைக்கிற கை வேறு. ஒரே ஆளுக்கு இரண்டும் வாய்ப்பது அபூர்வம். நமக்கு இதில் எது இல்லை என்று தெரிந்துகொண்டு, அது இருக்கிற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மர்ரே ஸ்காட்லாந்தில் ஒரு தையற்காரர் மகன். பதினாலு வயதோடு பள்ளிப்படிப்பு நின்றுபோனது. அகராதிப் பொறுப்பேற்ற பிறகும் ஆறு ஆண்டு பள்ளிக்கூட வேலையை விடவில்லை. வகுப்பு நேரம் போக மிச்ச நேரத்தில்தான் அகராதி. அவர் முதலில் செய்தது, வீட்டு வளாகத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு அதில் 1,029 அறைகள் கொண்ட அடுக்குகள் அமைத்தது. கோல்ரிட்ஜின் 54 எங்கே, இது எங்கே! பிறகு சீட்டுக்கு இலக்கணம் வகுத்தார். அரைத்தாள் அளவு. இடது மேல்மூலையில் சொல். கீழே ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம். அதற்கும் கீழே முழு வாக்கியம். ஒரு சீட்டில் ஒரு சொல்தான். இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எங்கே உட்கார்ந்தும் எழுதலாம், பத்து நிமிடத்தில் எழுதி முடிக்கலாம். அவர் பிள்ளைகள் பதினொரு பேர். சீட்டுகளை அகர வரிசையில் அடுக்கும் வேலை அந்தக் குழந்தைகளுக்கு. வயதுக்குத் தகுந்தபடி கைக்காசும் உண்டு.

1885-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபோனார். அங்கே தோட்டத்தில் புதுக் கொட்டகை. பக்கத்து வீட்டுப் பேராசிரியர் தன் பார்வையை மறைக்கிறது என்று சொன்னதால் கொட்டகையைத் தரைக்குள் இறக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. ஒரே ஈரம், குளிர். மர்ரே கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு, காலிரண்டையும் ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்.

அவருக்குக் கொடுத்த கெடு பத்து ஆண்டு. முதல் ஐந்து ஆண்டு முடிந்து 1884-இல் முதல் பகுதி வெளியானபோது அகராதி எந்தச் சொல்வரை வந்திருந்தது தெரியுமா? 'ஆன்ட்'. எறும்பு. நம் பழமொழி எறும்பேதான்! பதிப்பகத்தார் பதறிப்போனார்கள். வேகம், வேகம் என்று நெருக்கினார்கள். 'பிளாக்' (கறுப்பு) என்ற சொல்லுக்கும் அதிலிருந்து கிளைத்தவற்றுக்கும் மட்டும் தேர்ந்த உதவியாளர் ஒருவருக்கு மூன்று மாதம் பிடித்தது. 1915 ஜூலையில் மர்ரே இறந்தபோது அவர் கையிலிருந்தது டி (T) எழுத்து. அகராதி முடிந்தது 1928-இல். பத்து ஆண்டு வேலைக்கு நாற்பத்தொன்பது ஆண்டு. பக்கம் 15,490. அதில் ஏறக்குறையப் பாதி மர்ரேயின் பதிப்பு.

அவருக்கு உதவியவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பெயர் ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால். அமெரிக்கர். ஓடிப்போன தம்பியைத் தேடிக் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். கங்கை முகத்துவாரத்தில் கப்பல் உடைந்தது. ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிச் சமஸ்கிருதம் படித்துக் காசியில் பேராசிரியரானார். பிறகு லண்டனில் நல்ல உத்தியோகம். ஒரு தகராறில் அது போயிற்று. குடும்பமும் பிரிந்தது. இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் போய் அடைந்துகொண்டார். வெளி உலகத்தோடு ஒட்டுறவு இல்லாத அந்த மனிதர் ஏறக்குறைய இருபது ஆண்டு, தினமும் நாலு மணி நேரமாவது, இந்த அகராதியின் அச்சுப்படிகளைத் திருத்திக் கொடுத்தார். கூலி கிடையாது. மர்ரேயும் அவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. காலைத் தபாலில் அச்சுப்படி வரும், திருத்திப் போகும். 1901-இல் அவர் இறக்கும்வரை இது நடந்தது. அவருக்கு என்ன இலக்கு இருந்திருக்கும்? அகராதி முடிவதை அவர் பார்க்கவில்லை; பார்க்கப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும். அன்றைய அச்சுப்படியை அன்றைக்கே முடித்தால் அவருக்கு அந்த நாள் முடிந்தது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. தினமும் உழைக்கிறவர்களிடம் ஏதோ மன உறுதி, வைராக்கியம் இருப்பதாக நாம் நினைக்கிறோம். நம்மிடம் அது இல்லை என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். கோல்ரிட்ஜிடம் மன உறுதி இல்லையா, ஃபர்னிவாலிடம் இல்லையா? மர்ரேயிடம் கூடுதலாக இருந்தது ஒரு சீட்டின் அளவும் ஆயிரம் அறை கொண்ட ஓர் அடுக்கும். வேலையை ஓர் இருப்பில் செய்து முடிக்கிற அளவுக்கு நறுக்கினார். நறுக்கிய துண்டு ஒவ்வொன்றும் தன்னளவில் முழுசாக இருந்தது. இன்றைக்கு எழுதிய சீட்டுக்கு நாளைக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நாலு நாள் காய்ச்சலில் படுத்தாலும் சீட்டு கெட்டுப்போகாது. ஆள் இறந்தாலும் அடுத்த ஆள் வந்து அதே அறையிலிருந்து எடுக்கலாம். டி எழுத்தில் மர்ரே போன பிறகு நடந்தது அதுதான்.

எல்லா வேலையும் சீட்டு வேலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பனையேறியைப் பாருங்கள். காலையும் மாலையும் மரமேறி, பாளையின் நுனியை மெல்லிசாக ஒரு சீவு சீவிவிட்டு இறங்குவார். சில நாள் ஏறாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து பதனி நின்றுபோகும். விட்டுப்போன நாள்களுக்கும் சேர்த்து ஒரேயடியாகச் சீவினால் பாளைதான் குட்டையாகும், பதனி கூடாது. சங்கீதம் இப்படித்தான். உடற்பயிற்சி, புது மொழியில் பேசிப் பழகுவது, கணக்குப் போடும் வேகம், எல்லாம் இப்படித்தான். அங்கே 'ஒருநாளும் விடாதே' என்கிற கண்டிப்பு நியாயம். ஆனால் புத்தகம் எழுதுவது, வரலாறு சேகரிப்பது, கடன் அடைப்பது, வீட்டுப் பழைய பத்திரங்களை ஒழுங்குபண்ணுவது போன்றவை சீட்டு வேலை. அங்கே ஒருநாள் விட்டதற்காக மனம் உடைந்து முழுசையும் கைவிடுவது முட்டாள்தனம். நம் வேலை எந்தச் சாதி என்று தெரிந்துகொள்ளாமல், ஒன்றின் விதியை இன்னொன்றின் தலையில் வைத்துத்தான் பாதிப்பேர் ஜனவரி டைரியைத் தூக்கிப் போடுகிறோம்.

பின்வரிசையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும் போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு: உங்கள் தேர்வில் இரண்டும் கலந்திருக்கின்றன. திறனறிக் கணக்கு பாளை. தினம் சீவ வேண்டும், பத்துக் கணக்கானாலும் சரி. பொது அறிவும் வரலாறும் சீட்டு. அதற்கு அட்டவணை போட்டு, அட்டவணை தப்பினதற்கு அழுது, புது அட்டவணை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். படித்ததை ஒரு சீட்டாக எழுதி, திரும்ப எடுக்கிற இடத்தில் வையுங்கள். நீங்கள் எழுதின குறிப்பு உங்களுக்கே கிடைக்காமல் வேறு ஒருவரின் ஜெராக்ஸைத் தேடி அலைகிறீர்கள் என்றால், உங்கள் சீட்டும் குதிரை லாயத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

நேரம் இல்லை என்பவர்களுக்குப் பிரான்சு தேசத்து எமில் லித்ரேயைச் சொல்லலாம். பிரெஞ்சு மொழிக்குப் பேரகராதி செய்தவர். தன் வேலைநாள் எப்படி ஓடியது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். படுக்கையறையே அவருக்கு எழுத்தறை. காலையில் அதைக் கூட்டித் துடைத்து ஒழுங்குபண்ணும் நேரம் இருக்கிறதே, அந்தச் சில நிமிடங்களில் கையில் தாளோடு கீழே போய் உட்காருவார். அப்படி உட்கார்ந்துதான் அகராதியின் முகவுரையை எழுதி முடித்தார். அவர் எழுந்திருப்பதே காலை எட்டு மணிக்கு. உடனே சந்தோஷப்பட வேண்டாம். படுக்கப் போவது விடியற்காலை மூன்று மணிக்கு.

திரும்பவும் நம் லெக்சிகனுக்கு வருகிறேன். 1926-இல் அதன் பதிப்பாசிரியராக வந்தவர் எஸ். வையாபுரிப்பிள்ளை. நம் மாவட்டத்துச் சிக்கிநரசையன் கிராமத்துக்காரர். திருவனந்தபுரத்திலும் இங்கேயும் வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டிருந்தவர். தொழில் நேரம் போகத் தமிழ் ஆராய்ச்சி. அவர் வந்த பத்தே ஆண்டில் லெக்சிகன் முடிந்தது. பெருமை முழுவதையும் அவர் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. அவர் இல்லாவிட்டால் முடிந்திருக்காது என்பது என் எண்ணமும்கூட. ஆனால் அவர் வந்து அமர்ந்தபோது அடுக்கில் சீட்டு இருந்தது. மதுரையில் 'செந்தமிழ்' இதழை நடத்திவந்த மு. இராகவையங்கார் தொடக்க காலத்திலிருந்தே லெக்சிகனின் தலைமைத் தமிழ்ப் பண்டிதர். கால் நூற்றாண்டு அந்த நாற்காலியில் இருந்தார். பொறுப்பாசிரியர்கள் மாறினார்கள், அலுவலகம் ஊர் மாறியது, காலக்கெடு தப்பியது, பணம் போதவில்லை. சொல்லுக்குச் சான்று தேடுவது மட்டும் நிற்கவில்லை. வையாபுரிப்பிள்ளை செய்த பெரிய காரியம், சேர்த்ததைப் பகுதி பகுதியாக மூடி அச்சுக்கு அனுப்பியது. சேர்ப்பதில் ருசி கண்டவனுக்கு மூடுவது கசக்கும். இன்னும் ஒரு சான்று கிடைக்கலாம், இன்னும் ஒரு நல்ல பொருள் தோன்றலாம் என்று இழுத்துக்கொண்டே போகலாம். அன்றாட உழைப்பின் பெயரால் எதையும் முடிக்காமல் வாழ்நாள் கழித்தவர்களும் நம்மிடையே உண்டு. ஒவ்வொரு பகுதியையும் ஒருநாள் குறையோடேயே வெளியே விட வேண்டும்.

குறை இருந்ததா? இருந்தது. லெக்சிகனைக் கடுமையாகத் தாக்கியவர் தேவநேயப் பாவாணர். அவரும் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் பிறந்தவர்தான். தமிழ்ச் சொல்லை வடசொல் என்று காட்டியிருக்கிறார்கள், வேர் தவறு, பொருள் தவறு, விட்டுப்போன சொல் ஏராளம் என்று பட்டியல் போட்டார். எல்லாக் குற்றச்சாட்டையும் ஏற்க முடியாவிட்டாலும் பலவற்றில் நியாயம் உண்டு. ஆனால் அவர் குறை சொல்வதோடு நின்றுவிடவில்லை. செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு 1974-இல் இயக்குநரானார். அப்போது அவர் வயது 72. எழுபத்திரண்டில் ஓர் அகராதியைத் தொடங்குகிறவன் கணக்குத் தெரியாதவன் என்றுதான் ஊர் சொல்லும். 1981 ஜனவரியில் அவர் மறைந்தார். முதல் பகுதி அச்சில் வந்தது 1985-இல். மற்ற பகுதிகளை வேறு கைகள் செய்தன. வையாபுரிப்பிள்ளைக்கும் பாவாணருக்கும் கருத்தில் ஒட்டே கிடையாது. வேலை செய்த விதத்தில் இருவரும் ஒரே பள்ளிக்கூடம்.

நம் காலத்துக்கு வந்தால் க்ரியா பதிப்பகத்து ராமகிருஷ்ணன். அவருடைய தற்காலத் தமிழ் அகராதி முதலில் 1992-இல் வந்தது. முடிந்தது என்று அவர் விட்டுவிடவில்லை. 2008-இல் இரண்டாம் பதிப்பு. மூன்றாவது 2020 நவம்பரில் வந்தது. அதே மாதம் அவர் கொரோனாவில் காலமானார்.

இதெல்லாம் பல்கலைக்கழகமும் பதிப்பகமும் செய்கிற காரியம், நாம் என்ன செய்ய முடியும் என்று சிலர் நினைக்கலாம். கி. ராஜநாராயணன் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவரில்லை. இடைசெவலில் விவசாயம் பார்த்துக்கொண்டு கரிசல் காட்டுப் பேச்சுக்கு அகராதி தொகுத்தார், 1982-இல் வெளிவந்தது. வட்டார வழக்குக்கென்று ஓர் அகராதி என்பதே அப்போது புதுசு. பெருமாள்முருகன் கொங்குப் பகுதிக்கு ஒன்று செய்தார், 2000-இல். நம் தாமிரபரணிக் கரைக்கு அப்படி ஒன்று கைக்கு அடக்கமாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பனையேறியின் தளைநார், கடிப்பு, பாளை அரிவாள், அரிவாள்பெட்டி. பத்தமடைப் பாய்த்தறியைச் சுற்றியிருக்கும் சொற்கள். நெல் அறுப்பிலும் களத்திலும் இயந்திரம் வந்தபிறகு வாயிலிருந்தே போய்க்கொண்டிருக்கும் சொற்கள். இவற்றில் பலவற்றைத் தெரிந்தவர்கள் இன்றைக்கு எழுபது வயதுக்கு மேல். அவர்களுக்காக ஐந்தாண்டுத் திட்டம் காத்திருக்க முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். நூலகரிடம் கேட்டுவிட்டேன். புத்தகம் கொடுக்கல் வாங்கல் நடக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி வைக்கச் சம்மதித்திருக்கிறார். பக்கத்திலேயே அரைத்தாள் சீட்டுகள் இருக்கும். அகராதி செய்யப்போகிறோம் என்று இப்போதைக்கு யாரும் அறிவிக்க வேண்டாம், குழு அமைக்க வேண்டாம், தலைவர் செயலாளர் வேண்டாம். நூலகத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு சீட்டு. உங்கள் ஆச்சியோ தாத்தாவோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்ன ஒரு சொல். இடது மேல்மூலையில் சொல்லை எழுதுங்கள். அதன்கீழ் பொருள். பிறகு அவர்கள் பேசின வாக்கியத்தைப் பேசினபடியே, இலக்கணம் திருத்தாமல் எழுதுங்கள். மாதக் கடைசி ஞாயிறு மாலை நாலு பேர் உட்கார்ந்து அகர வரிசையில் அடுக்குவோம். குழந்தைகளைக் கூட்டிவந்தால் நல்லது. ஒரு சொல்லை இரண்டு பேர் எழுதிவிட்டாலும் பரவாயில்லை, எங்கெங்கே வழங்குகிறது என்று தெரியும். ஆனால் சீட்டின் பின்பக்கம் ஊர்ப்பெயரும் தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத சீட்டை அகராதிக்கு எடுத்துக்கொள்ள முடியாது.